நாலு கிலோமீட்டர்தானே என்று சொல்பவர்களுக்கு

சந்தைக்காரி எழுதியது:

இந்தத் தளத்தில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை பற்றிய இழையில் கோட்டைப்பித்தன் எழுதியதை அப்படியே இங்கே எடுத்துப் போடுகிறேன். "ஹம்பியில் விருபாட்சர் கோயிலுக்கு எதிரே இருந்த கடைகளையும் வீடுகளையும் 2011இல் எடுத்தார்கள். இன்றைக்குப் போய்ப் பாருங்கள், வீதி எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது. யாருக்கும் நஷ்டமில்லை. நாலு கிலோமீட்டர் தள்ளி மாற்று இடம் கொடுத்துவிட்டார்கள். கிருஷ்ணகிரியில் பழையபேட்டைப் பக்கம் கோட்டை அடிவாரத்தையும் இப்படித்தான் சரிசெய்ய வேண்டும்." இதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு.

யாருக்கும் நஷ்டமில்லை என்று யாரைக் கேட்டு எழுதினீர்கள் தம்பி? 2011 ஜூலை 29ஆம் தேதி ஹம்பிக் கடைவீதிக்குள் பொக்லைன் வந்தது. முந்தின நாள்தான் காலி செய்யச் சொன்னார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள். தேங்காய் பழம் விற்றவர்கள், சைக்கிள் வாடகைக்கு விட்டவர்கள், இட்லி சுட்டு விற்றவர்கள். முன்னால் கடை, பின்னால் வீடு. கடை போனால் வீடும் போச்சு. அப்புறம் நாலு கிலோமீட்டர் தள்ளி கட்டிராம்புரத்தில் காட்டியது மனை, வீடு இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு மனையில் எப்படிப் படுப்பார்கள்?

அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றி மட்டும் பதில் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கோட்டைப்பித்தன் எழுதியது:

அக்கா, நான் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். நாலு கிலோமீட்டர் ஒரு தூரமா? டவுனுக்குள்ளேயே பைக்கில் பத்து நிமிஷம். ஹம்பி 1986இலேயே உலகப் பாரம்பரியச் சின்னம். 1999 முதல் 2006 வரை ஆபத்தில் இருக்கும் சின்னங்கள் பட்டியலில் வைத்திருந்தார்கள். அந்த அவமானம் யாருக்கு? விஜயநகரக் காலத்துக் கல் மண்டபத்துக்குள் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பி, தூணில் ஆணி அடித்துப் பனியன் காயப்போட்டால் யாராவது எடுத்துத்தான் ஆக வேண்டும்.

நான் கோட்டையைப் பற்றிச் சும்மா பேசவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கோட்டை இருக்கும் சையத் பாஷா மலை ஏறுகிறேன். மதில் கல்லைப் பெயர்த்து அஸ்திவாரம் போட்டதையும், பாறையில் பெயின்டால் காதலி பெயர் எழுதுவதையும் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது. பெங்களூருக் கார்கள் எல்லாம் ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் நம் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. ஒருவரும் இறங்குவதில்லை. இறங்கினால் இந்தப் பேட்டைப் பையன்களுக்கே வேலை. அதைக் கெடுப்பது யார்?

தகடூரான் எழுதியது:

ஒகேனக்கல் தர்மபுரி மாவட்டம். "நம் ஊரைத் தாண்டி" என்று எழுதும்போது அதையும் சேர்த்து எழுதுங்கள். 2004இல் பிரிந்து போனதிலிருந்து எல்லாம் கிருஷ்ணகிரி கணக்கிலேயே ஓடுகிறது.

சந்தைக்காரி எழுதியது:

பைக்கில் பத்து நிமிஷம். சரி. பைக் யாரிடம் இருக்கிறது தம்பி?

என் அம்மா பூ விற்றவர். ஊர் பெயர் வேண்டாம், இந்த இரண்டு மாவட்டத்துக்குள்தான். பஸ் நிற்கும் இடத்துக்கும் கோயிலுக்கும் நடுவில், நனைந்த கோணி மேல் சாமந்திக் குவியல், பக்கத்தில் வாழை நாரில் கட்டிய கனகாம்பரம். பஸ்ஸிலிருந்து இறங்குபவர்கள் நடக்கிற நடையிலேயே இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போவார்கள். ஊரை அழகுபடுத்துகிறோம் என்று அந்த வரிசையையே எடுத்து ஊருக்கு வெளியே புது மார்க்கெட்டில் கடை கொடுத்தார்கள். நல்ல கட்டடம். மேடை, ஷட்டர், மேலே தகரம். கோடையில் அந்தத் தகரத்தின் கீழே மதியம் ஆவதற்குள் மல்லி பழுத்துவிடும். குழாய் இருந்தது, தண்ணீர் வராது. முழம் பூவுக்காக யார் ஷேர் ஆட்டோ பிடித்து அவ்வளவு தூரம் வருவார்கள்? வாங்குபவர் வரவில்லை. காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வாங்கும் தண்டல்காரர் மட்டும் தவறாமல் வந்தார். ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. அம்மா ஓசூரில் கம்பெனி கேன்டீனுக்குப் பாத்திரம் கழுவப் போனார்.

எங்களுக்கும் மாற்று இடம் கொடுத்தார்கள். அரசுக் கணக்கில் நாங்களும் நஷ்டமில்லாதவர்கள்தான்.

கோட்டைப்பித்தன் எழுதியது:

உங்கள் அம்மா விஷயம் வருத்தம்தான். ஆனால் அது மார்க்கெட் கட்டியவன் செய்த தப்பு. தண்ணீர் விட்டிருக்க வேண்டும். நான் பேசுவது பாரம்பரியச் சின்னம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். நாலு கிலோமீட்டரில் நல்ல வசதியோடு கொடுத்தால் என்ன குறை?

காசியைப் பாருங்கள். 2019 மார்ச்சில் அடிக்கல், 2021 டிசம்பர் 13ஆம் தேதி திறப்பு. விசுவநாதர் கோயிலைச் சுற்றி 3,000 சதுர அடி இருந்தது 5 லட்சம் சதுர அடி ஆயிற்று. முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். வீடுகளுக்குள் மறைந்து கிடந்த நாற்பதுக்கும் மேற்பட்ட பழைய கோயில்கள் வெளியே வந்தன. மதுரையில் புது மண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் துணி தைத்துக்கொண்டும் பாத்திரம் விற்றுக்கொண்டும் இருந்தார்கள். இப்போது தூணைக் கண்ணால் பார்க்க முடிகிறது. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சந்தைக்காரி எழுதியது:

நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. குன்னத்தூர் சத்திரம் எங்கே இருக்கிறது? மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரம். அதே கூட்டம், அதே வீதி. அதற்கே கடைக்காரர்கள் கோர்ட் வரைக்கும் போனார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி மாட்டுத்தாவணிக்குப் போங்கள் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூரம்தான் விஷயம் என்று நானும் அதைத்தான் சொல்கிறேன்.

காசியில் 1,400 கடைக்காரர்கள், வாடகைதாரர்கள், வீட்டுக்காரர்களுக்கு மறுவாழ்வு என்பது அரசு சொல்லும் கணக்கு. பத்திரம் வைத்திருந்தவருக்குக் கிடைத்த தொகையும், அதே வீட்டில் ஓர் அறையில் மாலை கட்டிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்ததும் ஒன்றா? அந்த அறையிலிருந்து கோயில் வாசலுக்கு எத்தனை அடி, இப்போது எத்தனை? அதை அளந்துவிட்டு வந்து யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதுங்கள்.

ஓசூர் பைபாஸ் எழுதியது:

எல்லா இழையிலும் இதே பல்லவி. 2024 ஜூனில் ஓசூர் விமான நிலையத்தை அறிவித்தபோதும் இதே அக்கா வந்து 2,000 ஏக்கர் யாருடையது, யாருடையது என்று கேட்டார். சிப்காட் வராமல் இருந்திருந்தால் ஓசூர் இன்றும் சந்தைக்கு மாடு ஓட்டும் ஊர். 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டோம். வளர்ச்சி என்றால் ரோடு அகலமாகும், சிலர் நகர வேண்டும். உலகம் முழுக்க அப்படித்தான். பாரிஸை 1853இலிருந்து ஹவுஸ்மான் இடித்துக் கட்டாமல் விட்டிருந்தால் இன்றைக்கு யார் பார்க்கப் போவார்கள்?

சந்தைக்காரி எழுதியது:

கேட்டேன். இன்னும் கேட்பேன். அந்த இழையில் நீங்கள் பதில் சொல்லாமல் ஓடியதை யாரும் மறக்கவில்லை.

பாரிஸை இடித்தபோது நடுவில் இருந்த கூலிக்காரர்கள் நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். அழகான ரோட்டில் அவர்கள் பெயர் இல்லை. ரோமில் முசோலினி கொலோசியம் வரைக்கும் நேராகத் தெரிகிற மாதிரி 1932இல் ஒரு பெரிய சாலையைத் திறந்தார். பழைய ரோமைக் காட்டுகிறேன் என்று சொல்லி ஒரு குடியிருப்பையே இடித்து, ஜனங்களை ஊர் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார். நீங்கள் சொல்லும் "உலகம் முழுக்க" இதுதான்.

கம்போடியாவுக்கும் வாருங்கள். அங்கோர் கோயில்களைச் சுற்றி இருந்த சுமார் 10,000 குடும்பங்களை 2022இலிருந்து நகர்த்தினார்கள். ரன் தா எக் என்ற இடத்தில் 20 மீட்டருக்கு 30 மீட்டர் மனை. அவர்களாகவே விரும்பிப் போனார்கள் என்றது அந்த அரசு. 2023 நவம்பரில் அம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டு, இது கட்டாய வெளியேற்றம் என்று சொன்னது. விரும்பிப் போகிறவர் வீட்டை வெள்ளத்தில் விட்டதைப் போல விட்டுவிட்டுப் போவாரா?

நம் சென்னையையே எடுங்கள். கூவம் கரையைச் சரிசெய்கிறோம் என்று கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்களுக்குப் பஸ்ஸிலேயே பாதி நாள் போகிறது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வருஷ நடுவில் பள்ளிக்கூடம் மாறினார்கள், சிலர் நின்றே போனார்கள்.

கோட்டைப்பித்தன் எழுதியது:

பெரும்பாக்கம் இருபது முப்பது கிலோமீட்டர். நான் சொன்னது நாலு. இருபதை வைத்து நாலை அடிக்காதீர்கள். நாலு கிலோமீட்டர் என்று திரும்பவும் சொல்கிறேன்.

விருபாபுர கட்டியை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஹம்பிக்கு எதிர்க்கரையில் ரிசார்ட் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே எடுக்கச் சொல்லி, மார்ச்சில் இடித்தார்கள். நீதிமன்றமும் தப்பா?

சந்தைக்காரி எழுதியது:

ரிசார்ட் முதலாளியையும் தேங்காய்க் கடைக்காரியையும் ஒரே தட்டில் வைத்தவர் நீங்கள். ரிசார்ட்காரருக்கு இன்னொரு ஊரில் இன்னொரு ரிசார்ட். நான் ரிசார்ட்டுக்காக ஒரு வரி எழுதினேனா? கடைவீதியைப் பற்றிக் கேட்டால் ஆற்றைத் தாண்டி ஓடுகிறீர்கள்.

பழைய வாத்தியார் எழுதியது:

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

ஹம்பி வீதி கட்டப்பட்டதே கடைவீதியாகத்தான். 1520 வாக்கில் அங்கே வந்த போர்ச்சுக்கீசியர் தொமிங்கோ பாயெஸ், நகரத்துக் கடைவீதிகளையும் அங்கே விற்ற பொருட்களையும் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். தேர் ஓடும் வீதி, இரண்டு பக்கமும் கல் மண்டபம், மண்டபத்தில் வியாபாரம். அந்த வீதியில் வியாபாரிகளை எடுத்துவிட்டுத் தூணை மட்டும் நிறுத்துவது சீரமைப்பு என்றால், எதைச் சீரமைத்தோம் என்று கேட்க வேண்டும். ஹாலோ பிளாக் சுவரை எடுக்க வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்காக வெற்றிலைக் கடையை ஏன் எடுக்க வேண்டும்?

பாட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து 1915இல் அறிக்கை கொடுத்தார். தஞ்சாவூர், மதுரை எல்லாம் அதில் உண்டு. நெரிசலைக் குறைக்க நேர்கோட்டில் ரோடு போட்டு வீடுகளை வரிசையாக இடிக்கும் திட்டங்களை அவர் எதிர்த்தார். அப்படிச் செய்தால் இடிந்தவர்கள் பக்கத்துத் தெருவில் இன்னும் நெருக்கிக்கொண்டு உட்காருவார்கள் என்றார். உண்மையிலேயே பாழான ஒன்றிரண்டு வீட்டை மட்டும் எடுத்து, கிடைத்த இடத்தில் மரம் வைத்து, மற்றதைப் பழுதுபார்க்கச் சொன்னார். செலவும் குறைவு.

இத்தாலியில் போலோனா நகராட்சி 1970களில் பழைய ஊரைச் சீரமைத்தபோது, கட்டடத்தோடு சேர்த்துக் குடியிருப்பவரையும் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தது. வீட்டைப் பழுதுபார்த்து, பழைய வாடகைக்காரர் அதே தெருவில் இருக்க வழி செய்தார்கள். செய்ய முடியாதது இல்லை.

கோட்டைப்பித்தன் எழுதியது:

வாத்தியார் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனால் இத்தாலிக்காரன் தூணில் வெற்றிலை எச்சில் துப்ப மாட்டான். நம் ஊரில் விட்டு வைத்தால் அடுத்த வருஷம் மாடி கட்டிவிடுவான்.

திப்பு காலத்துக் கோட்டை நம் கண் முன்னால் இடிந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

தகடூரான் எழுதியது:

திப்பு காலத்துக் கோட்டையா? பாரமகால், அதாவது நம் இரண்டு மாவட்டப் பக்கத்துக் கோட்டைகளை விஜயநகர ஆட்சிக்கு உட்பட்ட ஜெகதேவராயர் காலத்தில் கட்டினார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோட்டைப் பித்து என்று பெயர் வைத்துக்கொண்டு இதுகூடத் தெரியாமல் பேசுகிறீர்கள். தகடூரில், அதாவது எங்கள் தர்மபுரியில், அதியமான் கோட்டை கட்டியபோது கிருஷ்ணகிரி என்று ஒரு பெயரே கிடையாது.

கோட்டைப்பித்தன் எழுதியது:

கட்டியது யாராக இருந்தாலும் சண்டை பிடித்தது ஹைதர், திப்பு படைகள். 1791 நவம்பரில் மாக்ஸ்வெல்லின் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரி மலையில் ஏறி அடி வாங்கித் திரும்பியது. அந்தக் கோட்டையைப் பற்றிப் பேச உங்கள் சம்மதம் வேண்டுமா? அதியமான்கோட்டையில் இன்றைக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறீர்கள்? மண்மேடுதானே. மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அது எந்த மாவட்டம்?

தகடூரான் எழுதியது:

கி.மு. 2172இல் மாவட்டமே கிடையாது. அவ்வையாருக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் எங்கள் ஊர்க்காரன், அதை யாரும் பிரித்துக்கொண்டு போக முடியாது. மாங்காயை மட்டும் கிருஷ்ணகிரி மாம்பழம் என்று போர்டு போட்டு விற்றுக்கொள்ளுங்கள். காரிமங்கலம் தோப்புக் காயும் அதில்தான் போகிறது.

பழைய வாத்தியார் எழுதியது:

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாரமகால் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இரண்டு ஊரையும் ஒன்றாகத்தான் ஆண்டார்கள். நீங்கள் சண்டை பிடிக்க வேறு இழை திறந்துகொள்ளுங்கள்.

சந்தைக்காரி எழுதியது:

மாம்பழத்துக்கு இத்தனை பேர் வருகிறீர்கள். நாலு கிலோமீட்டருக்கு ஒருவரையும் காணோம்.

கோட்டைப்பித்தன், எச்சில் துப்புவதை நானும் ஒப்புக்கொள்ளவில்லை. மலை மேல் பெயின்ட் அடிப்பவனைப் பிடித்து அபராதம் போடுங்கள், நானே சாட்சி சொல்ல வருகிறேன். ஆனால் பெயின்ட் அடிப்பவன் விடுமுறைக்கு வருகிற பையன். நீங்கள் எடுக்கச் சொல்வது அடிவாரத்தில் தலைமுறையாகக் குடியிருக்கும் தையல்காரரை, பீடி சுற்றும் அம்மாவை, மாங்காய் மண்டியில் கூடை தூக்குபவரை. தப்பு ஒருவன் செய்ய, காலி செய்ய வேண்டியது இன்னொருவரா?

ஏற்கெனவே அந்த ஜனங்களுக்கு இருக்கும் கஷ்டம் உங்களுக்குத் தெரியுமா? தொல்லியல் துறைச் சட்டத்தை 2010இல் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு வெளியே 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். 100 மீட்டருக்குள் வீட்டைப் பழுதுபார்க்கவும் அனுமதி வேண்டும். மழையில் சுவர் விழுந்தால் எந்த ஆபீஸில் எந்தப் படிவம் என்று தெரியாமல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். கோட்டைக்காக அவர்கள் இத்தனை வருஷம் பொறுத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து ஆக்கிரமிப்பு என்கிறீர்கள்.

குமாஸ்தா எழுதியது:

சட்டம் என்று வந்ததால் நானும் இரண்டு வார்த்தை. தெரு வியாபாரிகள் சட்டம் 2014 இருக்கிறது. தெருவில் விற்பவரை இடம் மாற்றவோ வெளியேற்றவோ 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இன்னொன்று யாரும் படிப்பதே இல்லை. தெரு வியாபாரிகள் 50 வருஷத்துக்கு மேல் வியாபாரம் செய்து வந்த சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. 2013 நில எடுப்புச் சட்டத்தில் நிலம் வைத்திருப்பவர் மட்டும் பாதிக்கப்பட்டவர் இல்லை. மூன்று வருஷமாக அந்த இடத்தை நம்பிப் பிழைத்த வாடகைதாரர், கைவினைஞர், கூலிக்காரர் எல்லாரும் அந்தக் கணக்கில் வருவார்கள். கோட்டைக்கு மட்டும்தான் பாரம்பரியம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஓசூர் பைபாஸ் எழுதியது:

சட்டம் பேசினால் ஒரு சாக்கடைகூடக் கட்ட முடியாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் போய் நின்று பாருங்கள், நடக்க வழியிருக்கிறதா?

சந்தைக்காரி எழுதியது:

போச்சம்பள்ளிச் சந்தையில் நடக்க வழியில்லாத அளவுக்கு ஜனம் வருவதால்தான் அது சந்தை. நிழல் போடுங்கள், கழிப்பறை கட்டுங்கள், லாரிக்குத் தனி வழி விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. அதற்கு ஒரு ரூபாய் கேட்டு நீங்கள் யாராவது எழுதியிருக்கிறீர்களா? இடிப்பதற்கு மட்டும் உடனே வந்துவிடுகிறீர்கள்.

குமாஸ்தா அண்ணா சொன்னது எனக்குப் புதிது இல்லை. எங்கள் அம்மா வரிசை அவர் மாமியார் காலத்திலிருந்து அங்கே இருந்தது. 50 வருஷத்துக்கு மேல். ஆனால் அதைக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தினமும் தரைக் கட்டணம் வசூலித்தவர் கொடுத்த ரசீதை யார் சேர்த்து வைப்பார்கள்? கணக்கெடுக்க வந்தவர்கள் ஒரு நாள் காலையில் வந்து, அன்றைக்கு இருந்தவர்கள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். பேரன் காதுகுத்துக்குப் போயிருந்த பக்கத்துக் கடை அக்கா பெயர் பட்டியலிலேயே இல்லை. அவருக்குத் தகரக் கடைகூடக் கிடைக்கவில்லை. அப்புறம் எத்தனை முறை அலைந்தாலும் பட்டியலில் இல்லை என்பதுதான் பதில். உங்கள் "யாருக்கும் நஷ்டமில்லை" அந்தப் பட்டியலிலிருந்துதான் வருகிறது தம்பி. பட்டியலில் இல்லாதவருக்கு நஷ்டமே கிடையாது.

கோட்டைப்பித்தன் எழுதியது:

ஒரு கணக்கெடுப்பு தப்பாக நடந்ததற்காகக் கோட்டையை விட்டுவிடச் சொல்கிறீர்களா? நீங்கள் தூரத்தைப் பிடித்துக்கொண்டே தொங்குகிறீர்கள். ஹம்பியில் இன்று லட்சக்கணக்கில் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். நாலு கிலோமீட்டர் தள்ளி இருப்பவனும் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிறான்.

சந்தைக்காரி எழுதியது:

தேங்காய் விற்ற பாட்டி ஆட்டோ ஓட்டுவாரா?

கோட்டைப்பித்தன் எழுதியது:

அவர் மகன் ஓட்டுவான்.

சந்தைக்காரி எழுதியது:

மகன் முதலில் ஆட்டோ வாங்க வேண்டும். எங்கிருந்து வாங்குவான், மனையை விற்றா? இதைத்தான் அன்றைக்கு எங்கள் அம்மாவிடமும் சொன்னார்கள். பொண்ணு படிக்கிறது, வேலைக்குப் போகும், உனக்கு என்னம்மா கவலை என்று. நான் அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன்.

மாங்கனி எழுதியது:

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், இன்றைக்கு எழுதுகிறேன். கோட்டைப்பித்தன் பெங்களூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டுதான் பழையபேட்டையைக் காலி செய்யச் சொல்கிறார். அவரை வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் காலி செய்யச் சொன்னபோது இதே தளத்தில் எவ்வளவு புலம்பினார் என்று பழைய இழையைத் தேடினால் கிடைக்கும்.

கோட்டைப்பித்தன் எழுதியது:

தனிப்பட்ட விஷயத்தை இழுப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. நான் சம்பளத்துக்குப் பெங்களூர் போனேன், ஊரை விட்டுவிடவில்லை. கோட்டை விழுந்தால் நீங்கள் யாராவது திரும்பக் கட்டுவீர்களா? ஜனம் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். கோட்டைக்கு வேறு இடம் கிடையாது.

சந்தைக்காரி எழுதியது:

ஜனம் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும் என்று உங்கள் மனசில் இருந்தது இப்போதுதான் வெளியே வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நாலு கிலோமீட்டர் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

கோட்டை விழக்கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. பழையபேட்டை ஆட்களுக்கே கல் வேலை பழக்கி, அந்த மதிலை அவர்கள் கையாலேயே கட்ட வைக்கலாம். படியில் வழிகாட்ட, அடிவாரத்தில் மோர் விற்க, வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்துக்கொள்ள அந்தத் தெருக்காரர்களையே வைக்கலாம். பெங்களூர்க் காரிலிருந்து இறங்குபவர்கள் காலி மைதானத்தைப் பார்க்கவா வருவார்கள்? ஒருவரை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், அவர் வாடிக்கைக்காரர் நடந்து வரும் தூரத்தில், புதுக் கடையைத் திறந்து தண்ணீர் விட்ட பிறகு பழையதைத் தொடுங்கள். இதற்கு மேல் நான் என்ன கேட்டுவிட்டேன்?

ஓசூர் பைபாஸ் எழுதியது:

நடந்து வரும் தூரத்தில் காலி இடம் எங்கே இருக்கிறது? உங்கள் வீட்டைக் கொடுப்பீர்களா?

சந்தைக்காரி எழுதியது:

விமான நிலையத்துக்கு 2,000 ஏக்கர் தேடுபவர்களுக்குப் பத்து பூக்கடைக்கு இடம் கிடைக்காதா?

தகடூரான் எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் மேலே கோட்டைப்பித்தன் அதியமான்கோட்டையை மண்மேடு என்று எழுதியதற்கு இன்னும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அதை முடித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். நான் இந்த இழையை விட்டுப் போவதாக இல்லை.

கோட்டைப்பித்தன் எழுதியது:

வருத்தம் தெரிவிக்க மாட்டேன். போன பொங்கலுக்கு நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அக்காவுக்கும் கடைசியாக ஒன்று: நாலு கிலோமீட்டர் நடந்து போகும் தூரம்தான். எங்கள் தாத்தா காவேரிப்பட்டணம் சந்தைக்கு அதற்கு மேல் நடந்திருக்கிறார்.

சந்தைக்காரி எழுதியது:

தாத்தா சந்தைக்கு நடந்தார். சந்தை தாத்தாவை விட்டு நடக்கவில்லை. கடைசி என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது தம்பி. ஹம்பியில் யாருக்கும் நஷ்டமில்லை என்ற வரி மலைக்கோட்டை இழையில் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கும் வரைக்கும் தினமும் வந்து கேட்பேன்.